முப்பத்திரண்டா, அறுபத்துநாலா

"அறுபத்துநாலு பெரிசா, முப்பத்திரண்டு பெரிசா?" என்று முனீஸ்வரன் அண்ணன் கேட்டார். ஒண்ணாம் கிளாஸ் பிள்ளையிடம் கேட்கிற தோரணை. நான் பகல் முழுக்க ரிசார்ட்டில் ஏணி மேல் நின்று வயர் இழுத்துவிட்டு வந்திருந்தேன். கால் இரண்டும் கடுத்தன. சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

அண்ணன் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துத் தொழிலாளர் கிளப்பின் செயலாளர். நான் சுவக்கீன், ரிசார்ட்டில் எலக்ட்ரீசியன். எப்போதோ சூரியநெல்லியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த பாவத்துக்கு, கிளப் அறையிலிருக்கும் சர்வர் என் தலையில் விழுந்தது. சர்வர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ரிசார்ட்டில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர். மெமரி ஒரே ஒரு ஜிபி. கூட்டுவதற்கு உள்ளே இடமும் இல்லை.

ஆனால் அது செய்கிற வேலை சின்ன வேலை அல்ல. போன மழையில் மொக்கையன் அண்ணனை, காலையில் பேர் கொடுக்கிற மஸ்டருக்குப் போகிற வழியில் யானை அடித்துப் போட்ட பிறகுதான் அதை வைத்தோம். யானையைப் பார்க்கிற காவலாள் சர்வருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். எந்தக் காவலாளின் நம்பர் என்பதை வைத்து எந்தத் தேயிலைக் காடு என்று அது தெரிந்துகொள்ளும். உடனே இணைய லைன் வழியாக லயத்திலிருக்கிற எல்லாப் போனுக்கும் கூப்பிட்டு, பதிவு செய்த குரலில் சொல்லும். எழுத்தாக அனுப்பினால் பாதிப் பேர் படிக்கமாட்டார்கள் என்பதால் குரல். அந்தக் குரல் என்னுடையது. "அம்மாமாரே, ஐயாமாரே, பயப்படாதீங்க. மூணாம் நம்பர் காட்டுல ஆனை நிக்குது. நின்ன இடத்துலயே நில்லுங்க" என்று நிதானமாகப் பேசியிருப்பேன். யானை இல்லாத நாளில் யாராவது கூப்பிட்டுக் கேட்டால், "வழி சரியா இருக்கு, பாத்துப் போங்க" என்று சொல்லும்.

என் மனைவி ஞானஜோதி கொழுந்து எடுப்பது அந்த மூணாம் நம்பர் காட்டில்தான். சோலைக்காட்டை ஒட்டின தேயிலை. யானைக்கும் அவளுக்கும் ஒரே பாதை.

போன மாதம் சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. கிளப்பில் புது டிஸ்க் வாங்கினார்கள். இனி சிஸ்டத்தை முதலிலிருந்து ஏற்ற வேண்டும். முப்பத்திரண்டு பிட் ஏற்றுவதா, அறுபத்துநாலு பிட் ஏற்றுவதா என்பதுதான் கேள்வி. பழைய டிஸ்க்கில் இருந்தது முப்பத்திரண்டு.

"இந்த மெஷினுக்கு முப்பத்திரண்டு போதும்ணே" என்றேன். "அறுபத்துநாலு போட்டா எல்லாமே அகலமா உக்காரும். மெமரி பத்தாது. நம்ம ஒத்த ரூம் வீட்டுல டபுள் காட் வாங்கிப் போட்ட மாதிரி. கட்டில் நல்ல கட்டில்தான், நடக்க எடம் இருக்காது."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"டவுன்ல, ஆபீஸ்ல, நீ வேல பாக்குற ரிசார்ட்ல, எங்கயும் அறுபத்துநாலுதான? லயத்துக்குன்னா மட்டும் பாதியா? ரோட்டுலருந்து கக்கூஸ் வரைக்கும் நமக்குக் கொறச்சுக் குடுத்துக் குடுத்து, இப்ப நாமளே கொறச்சுக் கேக்கணுமாக்கும்?"

அவர் சொன்னதில் கோபம் மட்டும் இல்லை, நியாயமும் இருந்தது. முப்பத்திரண்டைச் செய்தவர்களே அதைக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். ஓட்டை விழுந்தால் அடைத்துக் கொடுக்க ஆள் இருக்காது. இரண்டு வருடத்தில் திரும்பவும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே இழவை நான்தான் செய்ய வேண்டும். அதை நினைத்ததும் எனக்கு அழுகையே வந்தது. அறுபத்துநாலு போட்டுத் தொலைத்தால் பல வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். அலுத்துப்போனவனுக்கு எது தொல்லை இல்லையோ அதுதான் சரியாகப்படும். அறுபத்துநாலே ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சோதித்துப் பார்த்தோம். சோதனைக்காக ஒரு அழைப்பு வரும் என்று முன்னாலேயே வீடு வீடாகச் சொல்லி வைத்தோம். எல்லாப் போனும் வரிசையாக மணியடித்தன. சர்வர் ஒரு முனகல்கூட இல்லாமல் வேலை செய்தது. அண்ணன் பரிப்பு வடை வாங்கிக் கொடுத்து, "இப்ப என்ன சொல்ற?" என்றார். நான் வடையைத் தின்றேன்.

சோதனையில் விட்டுப்போனது ஒன்று உண்டு. எங்கள் லயத்தில் போனில் ஒரு சேதி வந்தால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டார்கள். திருப்பிக் கூப்பிடுவார்கள். எத்தனை யானை, குட்டி இருக்கா, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று விசாரிப்பார்கள். அது மெஷின் என்று தெரியும், தெரிந்தும் கேட்பார்கள். பழைய சிஸ்டம் அதையெல்லாம் தாங்கியது. சோதனை என்று முன்னாலேயே சொல்லிவிட்டதால் அன்றைக்கு யாரும் திருப்பிக் கூப்பிடவில்லை.

புதன்கிழமை காலை நல்ல மூடுபனி. ரிசார்ட்டுக்குப் போகிற வழியில் கிளப்பைத் திறந்தேன். அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூணாம் நம்பர் காவலாளின் மிஸ்டு கால் வந்தது. சர்வர் கூப்பிடத் தொடங்கியது. முதலில் சேதி கேட்டவர்கள் திருப்பிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் சர்வர் ஒரு நிரலைத் திறக்கும். ஒவ்வொன்றும் இப்போது அகலம். சீக்கிரமே மெமரி நிறைந்துவிட்டது. டிஸ்க் கரகரவென்று இரைந்தது. திரை அப்படியே உறைந்துபோனது. யாருக்குச் சேதி போனது, யாருக்குப் போகவில்லை என்று பார்க்கக்கூட வழியில்லை.

பெண்கள் மஸ்டருக்குப் புறப்பட்டு நேரமாகிவிட்டது.

என் போனை எடுத்து ஞானஜோதியைக் கூப்பிட்டேன். வேறு அழைப்பில் இருக்கிறாள் என்றது. மறுபடி கூப்பிட்டேன். அதே பதில். இந்த நேரத்தில் யாரிடம் அரட்டை என்று வாய்விட்டுத் திட்டினேன். மொக்கையன் அண்ணனைப் போர்த்திக் கொண்டுவந்த போர்வை கண்ணில் நின்றது.

"அண்ணே, பைக்க எடுங்க" என்றேன்.

அண்ணன் ஹாரனை அழுத்திப் பிடித்தபடியே பனிக்குள் இறங்கிப் போனார். நான் சர்வரை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். ஓடிக்கொண்டே அவளைக் கூப்பிட்டேன். அப்போதும் வேறு அழைப்பு. மாதாவே, இவளைக் கொடுத்துவிடு, இனி ஒன்றும் கேட்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன்.

கலுங்குப் பாலத்தில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஞானஜோதி நடுவில் இருந்தாள், காதில் போனோடு. முதல் வரிசையில் அவள் போனுக்குச் சேதி வந்திருக்கிறது. கேட்டதும் எல்லோரையும் அங்கேயே உட்கார்த்தி வைத்துவிட்டாள். சேதி வராமல் குறுக்கு வழியில் இறங்கிய மேல் லயத்துப் பெண்களை அண்ணன் மறித்துக் கூட்டிவந்தார். பாதை வளைவுக்கு அந்தப் பக்கம் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் தள்ளிப் போய்விட்டது.

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி என் பக்கத்தில் நின்றார்.

"முப்பத்திரண்டே போட்டுரு சுவக்கீனு" என்றார். "பேருக்குப் பெரிசா இருந்து என்ன செய்ய?"

"ரெண்டு வருசத்துல திரும்பப் போடணும்ணே."

"போடலாம். நான் கூட உக்காருறேன்."

பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். நான் ஞானஜோதியை மட்டும் நிறுத்தினேன். உயிரோடு பார்த்த சந்தோஷம் எனக்குக் கோபமாகத்தான் வந்தது.

"அவ்வளவு நேரம் யார்கிட்டடி பேசிட்டிருந்த?"

"சர்வருக்குத்தான் அடிச்சேன். எடுக்கவே இல்ல. மணி மட்டும் அடிச்சுட்டே இருந்துச்சு."

"சேதிதான் வந்துருச்சே? பெறகு எதுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்ட? ஒன்னால எத்தன பேருக்குப் போகாமப் போச்சு தெரியுமா?"

அவள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். பனியா, வியர்வையா தெரியவில்லை.

"பக்கத்துல ஆனை நிக்குது. கை காலெல்லாம் நடுங்குது. அந்தக் கொரலக் கேட்டா பயம் போகும்னு கூப்பிட்டேன்."

"கொரல் வேணும்னா எனக்கே கூப்பிட வேண்டியதுதான?"

"ஒங்களக் கூப்பிட்டா என்னன்னு கத்திட்டு வச்சிருவீங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள். "அதுல நீங்க நல்லாப் பேசுவீங்க. ஆனை இல்லாத நாள்லயும் நான் கூப்பிட்டுக் கேப்பேன்."

கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, முன்னால் போன பெண்களைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.