மரகதம் கட்சி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் டோரதி டீச்சர் பனகல் பார்க் ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள். வரச் சொன்னது பதினொன்றுக்கு. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை டி.வி.யில் ஊரே பார்க்கப்போகிற சீரியல் எபிசோடை இன்றைக்கே அவளுக்குப் போட்டுக் காட்டப்போகிறார்களே! சாந்தோம் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து பெண்கள் கூடி நின்று பேசுவதில் பாதி அந்த சீரியல்தான். அவர்களில் ஒருத்திக்கும் கிடைக்காத யோகம்.

வரச் சொன்ன இடத்தின் மாடி அறையில் அவளோடு சேர்த்து எட்டுப் பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு சின்ன ரிமோட் கொடுத்தாள் சேனலிலிருந்து வந்த கீர்த்தி. "மரகதம் செய்யறது சரின்னா பச்சை, தப்புன்னா சிவப்பு. அவ்ளோதான்."

சீரியலின் கதாநாயகி மரகதத்தின் தம்பி குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒருவரைக் கொன்றுவிட்டான். ஓட்டியது டிரைவர்தான் என்று மரகதம் போலீஸில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து டிரைவர் ஜெயிலில். எட்டு மாதமாக மரகதத்துக்குத் தூக்கமில்லை. டிரைவரின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணை இருப்பவளும் அவள்தான், டிரைவரின் மகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறவளும் அவள்தான்.

எபிசோட் ஓடியது. "அன்னிக்கு வண்டி ஓட்டினது யாரு?" என்று இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்கிறார். மரகதம் வாசலில் நிற்கிற தம்பியைப் பார்க்கிறாள். கண் நிறைகிறது. "டிரைவர்தான்" என்கிறாள்.

டோரதி மூச்சைப் பிடித்துக்கொண்டு பச்சையை அழுத்தினாள்.

ஏழு பச்சை, ஒரு சிவப்பு.

"யாருப்பா அந்தச் சிவப்பு?" என்று திரும்பினாள் டோரதி.

"நாந்தான் டீச்சர்." கை தூக்கியவர் சக்திவேல். திருநெல்வேலிக்காரர், தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். "பொய் சொன்னவளுக்குப் போயி பச்சை அமுக்குதியளே!"

"தாயில்லாப் புள்ள சார் அவன். இவதான தூக்கி வளர்த்தா? அவ அழுததப் பாத்தீங்கல்ல?"

"அழுதா பொய் உண்மையாயிருமா? உங்க கிளாசுல ஒருத்தி செஞ்ச தப்புக்கு இன்னொரு புள்ளைய முட்டி போட வைப்பியளா?"

"அது வேற."

"என்ன வேற?"

மயிலாப்பூரில் இட்லிக்கடை நடத்தும் அமீனா பீக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார் நீ? அந்தப் பொண்ணு எவ்ளோ நல்லது பண்ணிக்கினு கீது! கெட்டவளா இருந்தா ஆஸ்பத்திரில போய் குந்திக்கினு இருப்பாளா?"

சக்திவேல் எழுந்தே விட்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஜெயில்ல கெடக்கானே, அந்த டிரைவர் பேரு என்ன?"

டோரதி வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. மரகதத்தின் புடவை நிறம்கூட நாள்வாரியாகச் சொல்லக்கூடியவள்! அமீனா பீயைப் பார்த்தாள். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். கீர்த்தி பரபரவென்று ஸ்கிரிப்டைப் புரட்டினாள்.

"டிரைவர்னு மட்டும்தான் சார் இருக்கு."

"எனக்கும் தெரியாது," என்றார் சக்திவேல். "அந்தக் கோவத்துலதான் சிவப்பு."

 டோரதிக்குக் கணக்கில் பிசகிய வரி கண்ணில் பட்ட மாதிரி இருந்தது. மரகதத்தோடு தினமும் அழுதிருக்கிறாள். டிரைவரைப் பார்த்தது இரண்டே தடவை, அதுவும் முதுகுப்பக்கம்.

"கீர்த்தி, நமக்கு அவளைத் தெரியும், அதான் மன்னிச்சிட்டோம்! அவனையும் காட்டுங்கம்மா. ஜெயில்ல எப்படிச் சாப்பிடறான், மகளை நினைச்சு என்ன பண்றான்னு காட்டுங்க. அப்புறம் பச்சையா சிவப்பான்னு கேளுங்க!"

"ஆமா, காட்டுங்க!" என்று அறையே எழுந்து கத்தியது. அடுத்த அறைக் கதவு திறந்தது. இவ்வளவு நேரம் அங்கிருந்தபடி திரையில் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த கதாசிரியர் வெள்ளைத்துரை, நோட்டும் பேனாவுமாக ஓடி வந்தார்.

"டிரைவருக்கு என்ன பேர் வைக்கலாம்? சொல்லுங்க!"

எட்டுப் பேரும் எட்டுப் பேர் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

டோரதி, சக்திவேல், அமீனா பீ மூன்று பேருக்கும் பஸ் ஸ்டாப் வரைக்கும் சண்டை ஓயவில்லை.

"இப்பச் சொல்லுங்க டீச்சர், மரகதம் நல்லவளா, கெட்டவளா?"

"தெரியல சார். ஆனா திங்கக்கிழமை அவ அழுதா நானும் அழுவேன்."

"அதெப்படி?" என்று அவர் ஆரம்பிக்க, மயிலாப்பூர் பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. மூன்று பேரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.