தலை இடிக்காத விருந்தாளி

1

கப்பல் மூன்று முறை ஊதியது. கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது. திங்களன்று வரவேண்டிய கப்பல், காற்றுக்குப் பயந்து புதன் காலை வந்து நின்றது. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது, மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் கிரேக்கத் தீவில், கப்பல் நிற்கும் துறையில் டிக்கெட் விற்பவன் நான். மீதி நேரத்தில் ஏதென்ஸ் வார இதழ் ஒன்றுக்குத் தொடர்கதை.

'செப்டம்பர் மாதக் கடல் நீலப் பட்டாக...' (வேண்டாம். காலண்டர் படம்.)

'ஒரு பெண் இறங்கினாள்.' (இது பரவாயில்லை.)

ஒரே ஒருத்திதான் இறங்கினாள். வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஐம்பதைத் தாண்டிய நடை. அறை வாடகைக்கு விடும் சம்பேத்தா, அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"கடல் தெரியும். வெந்நீர் வரும். கொசு கிடையாது."

"அண்டப் புளுகு!" என்றேன்.

"நீ வாராவாரம் புளுகுறதைவிடவாடா, ஸ்த்ராத்திஸ்? பெட்டியைத் தூக்கு."

வந்தவள் ஆங்கிலத்தில் சரி என்றாள். எத்தனை நாள் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள்.

2

எங்கள் ஊர் வாசல்நிலைகள் குட்டை. வருகிற விருந்தாளிகள் முதல் நாள் நெற்றிப் புடைப்போடுதான் சாப்பிட உட்காருவார்கள். அதனால் சம்பேத்தா நாலு மொழியில் "தலை!" என்று கத்தக் கற்றிருக்கிறாள்.*

கதவைத் திறந்துவிட்டு அவள் ஒதுங்கி நின்றாள். வந்தவள், பெட்டியோடு வந்த என்னைத் திரும்பிப் பார்த்தபடியே, நிலையைப் பார்க்காமலே, சரியான இடத்தில் குனிந்து உள்ளே போனாள்.

பெட்டியை வாசலிலேயே வைத்தேன். அந்த வீட்டிலேயே வளர்ந்தவள்தான் அப்படிக் குனிவாள். மருசோ! சம்பேத்தாவின் அக்கா. முப்பத்தொரு வருஷத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு மெல்போர்ன் போனவள். அம்மா சாவுக்கும் வரவில்லை. எங்கள் தீவில் அம்மா வீடு மூத்த மகளுக்குத்தான். பத்திரம் இன்றும் மருசோ பெயரில் இருக்கிறது. சம்பேத்தாவுக்கோ இந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை.

* நாலாவது மொழி போலிஷ். அவள் கத்துவது தலைதானா என்பது சந்தேகம்.

3

(கொஞ்சம் எழுந்து நடக்க விடுங்கள். உட்கார முடியவில்லை.)

முடிவு அ: சாப்பாட்டு மேஜையில் மருசோ கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பத்திரத்தை நீட்டுகிறாள். சம்பேத்தாவின் கரண்டி... (இதழாசிரியர் துள்ளிக் குதிப்பார். நான் அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: கப்பல் அடுத்த தீவுவரை போய் மதியம் திரும்பும். மருசோ அதிலேயே ஏறிப் போய்விடுகிறாள். வந்தது யாரென்று தங்கைக்குக் கடைசிவரை தெரியாது. (நல்ல சோகம். எல்லாருக்கும் பிடிக்கும்.)

ஆ-வைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். சுருக்கென்றது. சம்பேத்தா "தலை!" என்று கத்திய வரி எங்கே? எழுத மறந்துவிட்டேனா?

இல்லை. அவள் கத்தவே இல்லை.

4

ஊதிவிட்டது. கப்பல் திரும்பி வருகிறது. டிக்கெட் கூண்டைப் பூட்டிவிட்டுப் படிகளில் ஏறி ஓடினேன். பெட்டி இன்னும் வாசலிலேயே, திறக்காமல் கிடந்தது. மருசோ அதைத் துறைக்கு இழுத்துப் போவாளா, உள்ளே கொண்டுபோய்ப் பிரிப்பாளா, பத்திரத்தை எடுத்து...

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். காதால் கேட்டதை மட்டும் தருகிறேன்.)

சம்பேத்தா அடுப்படியில் கொண்டைக்கடலையைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"சம்பேத்தாக்கா, காலையில நீ ஏன் 'தலை'ன்னு கத்தல?"

"சொந்த வீட்டுக்குள்ள போறவளைப் பார்த்து யாராவது கத்துவாங்களாடா?"