ஒரே மைக்

அக்காவுக்குச் சத்தியம் செய்வதென்றால் தண்ணீர் பட்ட பாடு. "அந்தப் பாட்டை மட்டும் பாடமாட்டேன்டி, போதுமா?" என்று முந்தின நாள்தான் தங்கையிடம் சொன்னாள். அந்த அசடும் நம்பித் தொலைத்தது.

அக்கா சொந்தமாகப் பாட்டு எழுதி, கிதாரோடு பாடுகிறவள். காபிக் கடைகளில் பத்திருபது பேருக்குப் பாடிக்கொண்டிருந்தவளுக்கு இதுதான் முதல் ஆல்பம். தங்கைக்கு மருந்துக் கடையில் வேலை. மற்ற நேரத்தில் அக்காவுக்கு இரண்டாம் குரல். 'அந்தப் பாட்டு' தங்கையின் குழந்தையைப் பற்றியது. பிறந்து ஒரு வாரம்கூடத் தங்கவில்லை அது. ஆஸ்பத்திரியில் அவள் அதற்கு முணுமுணுத்த தாலாட்டை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். கேட்டவள் சும்மா இருந்தாளா? பாட்டாக்கிவிட்டாள்.

ஒலிப்பதிவு அறையில் சுவரெல்லாம் கம்பளி தொங்கியது. இந்த மாதிரிப் பாட்டுக்காரர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெட்டி ஒட்டக் கூடாது. எல்லோரும் ஒரே மைக் முன்னால் நின்று ஒரே மூச்சில் பாட வேண்டும். நாற்காலி கிறீச்சிட்டால் அதுவும் பாட்டில் சேர்ந்துவிடும்.

எல்லாம் முடிந்ததென்று தங்கை பையை எடுக்கப் போனாள். அக்கா சொல்லாமல் கொள்ளாமல் அந்தத் தாலாட்டைத் தொடங்கினாள். தங்கை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலும் ஒரு நிம்மதி: டேக் பாழ், இந்தப் பதிவைத் தூக்கித்தான் போடுவார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த சவுண்ட் என்ஜினியர் ஹெட்போனைக் கழற்றினார். "யப்பா, புல்லரிச்சுப் போச்சு. அந்த அழுகைதான் பாட்டே!"

"எனக்கு நடுவுல சுருதி விலகிடுச்சு. இன்னொரு தடவை போகலாம்," என்றாள் அக்கா.

"அக்கா, வேணாம். உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"இந்த ஆல்பத்துக்கு நாய் படாத பாடு பட்டிருக்கேன். கூடப் பொறந்தவளுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா? நீ பாடவே வேணாம், சும்மா நில்லு." தோளைப் பிடித்து மைக்குக்கு இன்னும் கிட்டே நிறுத்தினாள்.

சரி, அழாமல் நின்றுவிட்டால் இந்தப் பாட்டை யார் சீந்தப் போகிறார்கள் என்று தங்கை கணக்குப் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு முக்கால்வாசி போய்விட்டது, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. என்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார். அக்கா அதைப் பார்த்தாள்.

கடைசி அடியில் 'கண்மணி' என்று வர வேண்டிய இடத்தில் அவள் ஒரு பெயரைப் பாடினாள். குழந்தை பிறக்கும் முன்பே தங்கை தேர்ந்து வைத்திருந்த பெயர். புருஷனிடம்கூடச் சொல்லாமல் அக்காவின் காதில் மட்டும் சொன்ன பெயர்.

தங்கை அலறிவிட்டாள். அக்கா கிதாரை நிறுத்தவில்லை. அலறல் ஓய்கிற வரை மெதுவாக மீட்டிக்கொண்டிருந்து, பாட்டை அழகாக முடித்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்து, "வந்துடுச்சா?" என்று கேட்டாள்.