ஒங்கப்பன் வீட்டுக் கரண்டா?

திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவுக்கே என் சத்தம் பழக்கம். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கரண்டு என்ன ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கத்துவேன். மனைவியிடமும் அதே கேள்விதான், காலேஜ் படிக்கும் மகள் பிரகதீஸ்வரியிடமும் அதேதான்.

வீட்டுக்கு சோலார் போட்டால் அரசாங்கம் மானியம் தருகிறது என்று போனிலேயே விண்ணப்பித்தவள் மகள்தான். மொட்டை மாடியில் பேனல் ஏறிய அன்றுகூட, "மானியமாவது ஒண்ணாவது! வந்தப்புறம் சொல்லு" என்று சத்தம் போட்டேன்.

நேற்று மத்தியானம் என் உரக்கடையில் இருந்தபோது, மானியம் கணக்கில் ஏறிவிட்டதாக மெசேஜ் வந்தது. மூன்று தடவை படித்தேன். கடையைச் சாத்திவிட்டு, அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

உள்ளே நுழைந்தால் எல்லா ஃபேனும் சுற்றுகின்றன. டிவி தன்பாட்டுக்குப் பாடுகிறது, பார்க்க ஒருத்தரும் இல்லை. பட்டப்பகலில் டியூப்லைட் வேறு. வந்த சந்தோஷமெல்லாம் மறந்துபோனது.

"ஏய் பிள்ள! கரண்டு என்ன ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மகள், நிதானமாக மாடிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஆமாப்பா. எங்கப்பன் வீட்டு மாடியிலதான வெளையுது."

உள்ளே மனைவி சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. ஜிலேபிப் பொட்டலத்தை மகள் கையில் கொடுத்தேன். பிறகு ஆளில்லாத பின்னறைக்குப் போய், அங்கே அணைந்து கிடந்த லைட்டையும் நானே போட்டுவிட்டு வந்தேன்.