உரியாமின் இடது கால்

எனக்கு வயது இருபது. ஆனாலும் எங்கள் சபையில் ஊழியத்துக்குப் புறப்பட்ட பையன்களை மூப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மூப்பர் லாவாகா, டோங்காக்காரன். என்னோடு ஜோடியாக இருப்பவன் மூப்பர் பென்ரோஸ்; ஐடஹோவில் உருளைக்கிழங்கு விளைகிற ஏதோ ஊர். இந்த அபையாங் தீவில் நான் ஏழு மாதமாக இருக்கிறேன். அவன் போன மாதம்தான் வந்தான். படகிலிருந்து இறங்கும்போதே கடலில் விழுந்தான். அப்படிப்பட்டவனைப் பார்த்து எனக்கு வயிறெரிகிறது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

எங்கள் சபையில் சேர விரும்பிய உரியாமுக்கு ஐம்பது வயதிருக்கும். தூண் மாதிரி உடம்பு. தென்னையில் கள் இறக்கிக்கொண்டிருந்தவர், ஒருநாள் மரத்திலிருந்து மல்லாக்க விழுந்ததில் இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. சபையில் சேர வேண்டுமானால் கள்ளையும் புகையிலையையும் விட வேண்டும். கள்ளைச் சட்டென்று விட்டுவிட்டார். புகையிலைதான் அவரை விடவில்லை. கை சும்மா இருந்தால் அதைத் தேடும் என்று, சாயங்காலமெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்நார்க் கயிறு திரித்தேன். தொடையில் வைத்துத் திரித்துத் திரித்து என் தொடையில் ஒரு முடி மிஞ்சவில்லை. நடுவில் இரண்டு தடவை திருட்டுத்தனமாகப் புகைத்துவிட்டு வந்து என் முன்னால் தலை குனிந்து நின்றார். இரண்டு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். நான் அவரை அப்பா என்பேன். அவர் என்னை டோங்காக்காரா என்பார்.

பென்ரோஸ் வந்த மறுநாளே அவனும் அவரை அப்பா என்று கூப்பிட்டான். அவருடைய மனைவி காவ்ரே அதுவரை மீன் தலையை என் தட்டில்தான் வைப்பாள். அன்றிலிருந்து அது அவன் தட்டுக்குப் போனது. அதை எப்படித் தின்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது. கண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாயிற்று. தன்னைத் தண்ணீரில் இறக்குவது யார் என்று சேருகிறவரே சொல்லலாம்; அது எங்கள் வழக்கம். என்னைத்தான் சொல்வார் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. வெள்ளை உடையைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். ஞாயிறன்று கூட்டம் முடிந்ததும் சபையின் உள்ளூர்க் கிளைத் தலைவர் பாவ்ரோ கேட்டபோது, உரியாம் மோவாயால் பென்ரோஸைக் காட்டினார். பென்ரோஸ் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான்.

கோபித்துக்கொண்டு தனியாக நடந்து போகக்கூட எங்கள் சட்டத்தில் இடமில்லை. ஜோடி எப்போதும் ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படிதான் இருக்க வேண்டும். கிணற்றடிக்குப் போனால் அவன் வருவான். பாயில் திரும்பிப் படுத்தால் அவன் மூச்சு கேட்கும். வாரத்துக்கு ஒருமுறை எதிரெதிரே உட்கார்ந்து மனசில் இருக்கிற குறைகளைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று வேறு ஒரு விதி. அன்று அவனே ஆரம்பித்தான்.

"உனக்கு வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம்."

அதை நம்பிவிட்டான். அவனிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான்.

பிறகு என்னையே உரியாமாக நிற்க வைத்து அறைக்குள் பழகிப் பார்த்தான். என் முதுகில் கை கொடுத்துச் சாய்த்தான். நான் முழங்காலை மடக்கி லேசாகச் சாய்ந்து கொடுத்தேன். சுலபமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டான். உரியாமின் கால் மடங்காது என்பதையும், மரத்திலிருந்து விழுந்த நாள் முதல் பின்பக்கமாகச் சாய்வதென்றாலே அவர் உடம்பு விறைத்துக்கொள்ளும் என்பதையும் நான் சொல்லவில்லை. கயிறு திரிக்கும்போது என்னிடம் மட்டும் அவர் சொன்னது அது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

சனிக்கிழமை கடல் ஏற்றத்தில் காயல் நிரம்பியிருந்த நேரமாகப் பார்த்து ஊரே கரையில் கூடியது. இருவரும் வெள்ளை உடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். எங்கள் முறைப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். சொல்ல வேண்டியதைப் பிசகாமல் சொன்னானா, உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் போனதா என்று அவர்கள் பார்க்க வேண்டும். ஒரு விரல் வெளியே தெரிந்தாலும் அது செல்லாது. மறுபடி செய்ய வேண்டும். ஒரு சாட்சி பாவ்ரோ. இன்னொருவன் நான்.

பென்ரோஸ் கையை உயர்த்திச் சொன்னான். ஒரு சொல் பிசகவில்லை. பிசகாதா என்று காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரைச் சாய்த்தான். தலை போனது, மார்பு போனது, எனக்கு எதிரே இடது காலின் கட்டைவிரல் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்து போயிற்று.

கரையில் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். பாவ்ரோ தலையாட்டினார், அவர் நின்ற பக்கத்திலிருந்து கால் தெரிந்திருக்காது. நான் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பார்கள். சொல்லாவிட்டால் பென்ரோஸ் செய்தது செல்லாமலே கிடக்கும், அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் ஊருக்குப் போய், கல்யாணம் கட்டி, பிள்ளைகளிடம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பான். அன்றைக்கும் அது செல்லாது. அந்த நினைப்பு வெல்லம் மாதிரி இனித்தது. ஆனால் பென்ரோஸுக்குச் செல்லாதது உரியாமுக்கும் செல்லாதே. அந்த மனுஷன் புகையிலையை விட்டது பென்ரோஸுக்காகவா?

"கால் வெளிய வந்துச்சு" என்றேன்.

பாட்டு பாதியில் நின்றது. தான் பார்க்கவில்லையே என்றார் பாவ்ரோ. காவ்ரே கரையிலிருந்தே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"தன்னக் கூப்பிடலன்னு வயித்தெரிச்சல் புடிச்சவன் பேசுறான்."

எனக்குக் காது சுட்டது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. உரியாம்தான் முகத்தை வழித்துக்கொண்டு, கால் மேலே வந்தது நிஜம், விரலில் காற்றுப் பட்டது என்றார்.

மறுபடி செய்தார்கள். இந்தத் தடவை கால் முழங்கால்வரை பாய்மரம் மாதிரி எழுந்து நின்றது. ஊரே பார்த்தது. குழந்தைகள் சிரித்தார்கள். பென்ரோஸின் முகம் வெந்த நண்டு நிறத்துக்கு வந்துவிட்டது. உரியாமின் உதடு நடுங்கியது. தண்ணீர் வேறு வடிய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அத்தனை பெரிய உடம்பை மூழ்கடிக்க ஆழம் இருக்காது.

அப்போது உரியாம் என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

"டோங்காக்காரா, வா."

போட்டிருந்த சட்டை, டை, பெயர்ப்பட்டை எல்லாவற்றோடும் இறங்கினேன். என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? பென்ரோஸும் புரிந்துகொண்டு ஒதுங்கி இடம் விட்டான். நான் உரியாமின் பக்கத்தில் போய் நின்று வலது கையைக்கூட உயர்த்திவிட்டேன்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "நீ காலப் புடி."

அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்.

"ஏம்ப்பா அவன்?"

"நீதான் எல்லாத்தையும் செஞ்சு முடிச்சிட்டியே. அவன் வந்ததுலேருந்து உருப்படியா ஒண்ணும் செய்யல. பாவம், இத ஒண்ணாவது செய்யட்டும்."

தீவு மொழி சரியாகப் புரியாத பென்ரோஸ் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினான். அவனை அங்கேயே அமுக்கியிருப்பேன். ஒழுங்காக வேலை செய்கிறவனுக்குக் கால், செய்யத் தெரியாதவனுக்குக் கிரீடமா? பாவ்ரோ என் இடத்தில் வேறொருவரைச் சாட்சியாக நிறுத்தினார். ஆக, சாட்சி வேலையும் போயிற்று.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கினேன். உரியாமின் பாதத்தை இரண்டு கையாலும் மணலோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். மேலே பென்ரோஸ் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அவர் உடம்பு பின்னால் சாய ஆரம்பித்ததும் பாதம் கல்லாக இறுகியது. ஐந்து விரலும் மடங்கி என் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டன. மரத்திலிருந்து விழுகிறவனின் பிடி அது. எலும்பு முறிந்துவிடும்போல வலித்தது. நான் விடவில்லை. பிறகு, எல்லாம் மூழ்கிய அந்தக் கணத்தில், விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பாதம் தூங்குகிற குழந்தையின் பாதம்போல என் கையில் கிடந்தது.

நான் எழுந்தபோது ஊரே பென்ரோஸைச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தது. காவ்ரே அவன் தலையில் பூமாலை வைத்தாள். அவன் அழுதுகொண்டே என்னிடம் வந்து, உரியாம் பயந்தாரா, கீழே என்ன நடந்தது என்று கேட்டான்.

"ஒண்ணும் நடக்கல" என்றேன்.

அதையும் நம்பிவிட்டான். நம்பட்டும். மற்றதெல்லாம் அவனே வைத்துக்கொள்ளட்டும்; அந்தப் பாதம் தளர்ந்த கணத்தை மட்டும் நான் அவனுக்குத் தர மாட்டேன்.