காலிப்பெட்டிக்கு ஒரு மார்க்

கிடங்கில் பெட்டி கட்டுகிறவள் தன் நாத்தனாருக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து நானூற்று எழுபத்தைந்து ரூபாய். மாலைக் கல்லூரியில் அடிப்படைக் கணிதத்துக்குக் கட்டிய பணம். தேறினால் கிடங்கிலேயே எழுத்தர் வேலை. சம்பளம் ஏறும், கடன் அடையும். தேறாவிட்டால் நாத்தனார் தன் பணத்தைத் தலைமுழுக வேண்டியதுதான். அதனால் அந்த மகராசி தினமும் விடிந்ததும் வந்து, கொடுத்த பணம் ஒழுங்காகப் படிக்கிறதா என்று எதிரே உட்கார்ந்து பார்த்தாள். கூடவே புத்தகத்தையும் புரட்டினாள்.

மெய்யெண்கள் அப்படியொன்றும் மிரட்டவில்லை. ஆசிரியர் ஒரு கோடு போட்டு, நடுவில் சைபரை வைத்து, இடப்பக்கம் முழுக்கக் குறை எண்கள் என்றார். கல்யாணமான நாள் முதல் அவள் குடியிருக்கும் தெரு அது. இரண்டின் வர்க்கமூலம் முடிவில்லாமல் நீளும் என்றதற்கும் அவள் அசரவில்லை. கிடங்கு மேஸ்திரியின் பேச்சைக் கேட்டுப் பழகிய காது.

பரீட்சையில்தான் சறுக்கியது. x-இன் வர்க்கம் 5x-க்குச் சமம் என்றால் x என்ன? ஐந்து என்று எழுதினாள். சைபரைப் போட்டாலும் ஒத்துவருவது கண்ணில் பட்டது. ஆனால் காலிப்பெட்டியைக் கிடங்கில் யாராவது கணக்கில் எழுதுவார்களா? விட்டுவிட்டாள்.

வந்தது முப்பத்தொன்பது. தேற நாற்பது வேண்டும்.

அவள் அழுதாள். நாத்தனாருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நேராகக் கல்லூரிக்குப் போய் நின்றாள்.

"சைபர்னா ஒண்ணுமில்லதானே வாத்தியாரே? ஒண்ணுமில்லாதத எழுதலைன்னு ஒரு மார்க்கப் புடுங்கிட்டீங்களே, இது என்ன நியாயம்?"

"ஒண்ணுமில்லைங்கறதும் ஒரு விடைதாம்மா. ரெண்டு பக்கமும் x-ஆல வகுத்தா அது காணாமப் போயிடும்."

எப்படிக் காணாமல் போகும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள். ஆசிரியருக்கு ஒரே சந்தோஷம். பாவம், வகுப்பில் அவரை யார் கேள்வி கேட்டார்கள்?

மறுதேர்வு வரை நாத்தனாரே வாத்தியார் ஆனாள். காய் நறுக்கும்போதுகூட விடவில்லை. "எல்லாத்தையும் எடுத்து ஒரு பக்கம் வையி, காரணிப்படுத்து, அப்புறம் பாரு. இன்னொரு தடவ சைபர முழுங்கின, என் காச நீதான் கக்கணும்."

இந்த ஆசீர்வாதத்தோடு பெட்டி கட்டுகிறவள் மறுபடி எழுதித் தேறினாள். எழுத்தர் வேலையும் வந்தது. மாதாமாதம் கொடுத்து, கடைசித் தவணையை ஒரு காலையில் நாத்தனார் கையில் வைத்தாள்.

"எண்ணிக்குங்கக்கா. இத்தோட தீர்ந்தது."

நாத்தனார் இரண்டு முறை எண்ணினாள். சரியாகத்தான் இருந்தது. நாளை விடிந்தால் எந்தச் சாக்கில் வந்து அந்தப் புத்தகத்தைப் புரட்டுவது என்பதுபோல், பணத்தைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.