மணவாளன் வளைத்த வானம்

1

உண்மையைச் சொல்லிவிடலாம். இந்தக் கதை வானத்தைப் பார்த்துப் பிறக்கவில்லை. இரண்டு இரும்புப் பலகைகளால் பிறந்தது. எழுதுகிறவன் மணவாளன். 1973இல் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில், இரும்புப் பலகைகளைச் சுரண்டிச் சமதளமாக்குவது அவன் வேலை. ஒன்றில் நீல மை தடவி மற்றதை மேலே வைத்துத் தேய்த்தான். மை சீராக ஒட்டியது. சமம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். மூன்றாவது பலகையோடு ஒப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது: ஒன்று மேடு, மற்றது பள்ளம்; ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியதால் சமம்போல் தெரிந்திருக்கிறது. (மூன்று பலகை வேண்டும் என்பது முதல் வாரப் பாடம். பட்டறையே சிரித்தது.)

2

முதல் தொடக்கம்: ‘வான்வெளியே வளைந்திருந்தால், உள்ளே இருக்கும் நமக்கு அது ஒருபோதும்

தப்பு. நட்சத்திரங்களை இணைத்துப் பெரிய முக்கோணம் போட்டால் மூன்று கோணங்களின் கூட்டலில் வளைவு தெரிந்துவிடுமாம். நூலகத்தில் படித்தான். வான்வெளி பந்துபோல் தனக்குள் மூடியிருந்தால், விலகி ஓடும் நட்சத்திரக் கூட்டங்கள் ஒருநாள் நின்று, திரும்பி, ஒன்றுசேரும். தட்டையாகவோ குதிரைச் சேணம்போலவோ இருந்தால் விலகிக்கொண்டே போகும். மணவாளன் யோசிக்கவே இல்லை, மூடிய வானத்தையே எடுத்துக்கொண்டான். கடைசி வரி: ‘எல்லாம் திரும்பி வந்தன.’

3

ஏன் என்று கேட்பீர்கள். அவன் மனைவி நாகவல்லி ஆறு மாதமாகக் காட்டுப்பாக்கத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள். அம்பத்தூர் ரேடியோ கம்பெனி வேலையை அவள் விட வேண்டுமென்று மணவாளனும் அவன் அம்மாவும் பேசி முடித்தார்கள். இருவருக்கும் ஒரே கருத்து. அதனால் அது நியாயம் என்று நம்பிவிட்டான். அவளைக் கேட்கவில்லை. [இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்தான். நான்காம் முறை விட்டுவைத்தான்.]

கதையை மைத்துனன் வேம்புலியிடம் கொடுத்தனுப்பினான். மறுவாரம் டீ நேரத்தில் பதில் வந்தது.

“அக்கா முழுசா படிச்சிச்சி மாமா. ‘வானத்தையே வளைச்சி வச்சிகினு வா வான்னா, வராம எங்க போறது? அதுக்குப் பேரு வர்றதா?’ன்னு கேக்கச் சொல்லிச்சி.”

மணவாளனுக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது.

4

முடிவுகள்:

(அ) வானம் மூடியது, எல்லாம் திரும்பும். அடித்துவிட்டான்.

(ஆ) வானம் திறந்தது, எல்லாம் பிரியும். எழுதும்போதே அழுகை வந்தது. அதையும் அடித்துவிட்டான்.

(இ) வானம் எந்த வடிவமென்று இன்னும் யாரும் அளந்து முடிக்கவில்லை. ஞாயிறு காலை மணவாளன் சட்டையை மாட்டிக்கொண்டு, வேலையை விடச் சொன்னது தன் தப்பு என்று சொல்லக் காட்டுப்பாக்கம் போய்க் கதவைத் தட்டினான். நாகவல்லி

இங்கே பேனாவை மூடிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். அடுத்த சொல்லை அவன் எழுதினால் அதுவும் வளைத்ததாகிவிடும். வாசகரே, நீங்களும் எழுத வேண்டாம். அந்த வாக்கியம் நாகவல்லியுடையது.